தோல்வித் தண்ணீர்

உப்பூருணி ஹாக்கி அணிக்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளர் வந்து இறங்கிய அன்று ஊர்ப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, இந்த ஆள் எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்பார் என்பதுதான். அதில் குசும்பு ஒன்றும் கிடையாது. எத்தனை பேருக்கு உலை வைக்கலாம் என்று கல்யாண வீட்டில் கேட்பார்களே, அந்த மாதிரி விசாரணை. அந்த நாட்களில் எங்கள் அணி உள்ளூரில் தோற்றால்தான் எங்கள் வீடுகளில் குடிக்கத் தண்ணீர்.

எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. கிணறு உப்பு, போர் உப்பு, அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து எங்கள் தலைமுடியெல்லாம் தேங்காய் நாராகி, வெளியூரில் ஒரு விசேஷத்துக்குப் போனால் முடியைப் பார்த்தே நீங்கள் உப்பூருணியா என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தது. நகராட்சிக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், ஆனால் அது வருகிற நாள் அதற்கே தெரியாது. இப்படிப்பட்ட ஊரில்தான் தீப்பெட்டி ஆலை முதலாளி தனுஷ்கோடி, தேசிய லீக்கில் விளையாட ஓர் அணியை விலைக்கு வாங்கி, அதற்கு நீல நிறத்தில் டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானமும் போட்டார். ஆட்டத்துக்கு முன்னால் அந்த நீலத்தை முழுக்க நனைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பந்து ஓடாதாம், விழுகிறவன் முழங்கால் தோல் உரிந்துவிடுமாம். குடிக்க இல்லாத ஊரில் தரைக்குத் தண்ணீர் காட்டுகிற அழகை நாங்கள் சுவருக்கு வெளியே நின்று பார்த்தோம், உப்புத் தண்ணீர்தானே, போகட்டும் என்று விட்டோம். அணிக்கு ஃப்ளேம்ஸ் என்று பெயர் வைத்தார் முதலாளி. கான்வென்டில் படிக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரை எழுதி, எழுத்துகளை அடித்து, இவனுக்கு நான் தோழியா காதலியா எதிரியா என்று பார்ப்போமே, அந்த விளையாட்டுக்கும் அதே பெயர்தான். அதிலாவது எப்போதாவது நல்ல பதில் வரும்.

ஃப்ளேம்ஸ் முதல் ஆட்டத்திலிருந்தே தோற்றது. தோற்றுத் தோற்று, ஊரே அவமானத்தில் குன்றிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாப் அணியிடம் ஆறு கோல் வாங்கிய சாயங்காலம், கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறின பிறகு, மைதானம் ஊறியது. ஊறியது என்றால், நீலப் புல்லின் வேர் இல்லாத வேர்களிலிருந்து தண்ணீர் கசிந்து, நுனிவரை ஏறி, கணுக்காலைத் தாண்டி, எங்கள் கோல் கம்பம் பாதி மூழ்குகிறவரை அமைதியாக நின்றது. முதலில் பார்த்தவள் எங்கள் தெருச் சேசம்மாள், கோல்கீப்பர் அருளப்பனின் அம்மா, மகனைத் தேடி உள்ளே போனவள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நேரே என் வீட்டு அடுக்களைக்கு வந்தாள்.

"ரோகிணி மதினி, உப்பே இல்ல. இனிக்குது. குடத்த எடுங்க."

நான் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் விஷயத்தில் ஆச்சரியப்பட நேரம் கிடையாது, ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் வரிசையில் இடம் போய்விடும்.

அடுத்த உள்ளூர்த் தோல்விக்கும் தண்ணீர் வந்தது, அதற்கடுத்ததற்கும் வந்தது. அம்மன் கோயில்காரர்கள் அம்மன்தான் என்றார்கள். தேவாலயத்துப் பங்குச் சாமியார் எதுவும் சொல்லாமல் சமையல்காரரிடம் இரண்டு கேன் கொடுத்தனுப்பினார். நகராட்சி இன்ஜினியர் வந்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்து, குடிக்க உகந்தது என்று சொல்லிவிட்டு, அப்பாடா என்று அன்றிலிருந்து உள்ளூர் ஆட்டம் இருக்கிற வாரங்களில் குழாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். பெண்கள் மட்டும்தான் விஷயத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டோம். ஒரு கோலில் தோற்றால் குடிக்க மட்டும், இரண்டு என்றால் உலைக்கும் மாவாட்டவும், மூன்று என்றால் தலைக்குக் குளிக்கலாம், நாலைத் தொட்டுவிட்டால் போர்வை, திரை, கொசுவலை எல்லாவற்றையும் நனைத்துவிடலாம். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் ஜோசியரிடம் போவதற்கு முன்னால் லீக் அட்டவணையைப் பார்த்தார்கள். ஆம்பளைகள் மட்டும் கொஞ்ச நாள் ரோஷமாக இருந்தார்கள், பிறகு தினமும் ஷாம்பூ போட்டுக் குளிக்க ஆரம்பித்ததும் அதுவும் போய்விட்டது.

இடம் பிடிக்கக் குடங்களை எங்கே வைப்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. தண்ணீர் முதலில் ஊறுவது எங்கள் கோலுக்குப் பக்கத்தில் என்பதால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கோல் வலைக்குப் பின்னால் குடங்களை வரிசையாக வைத்துவிடுவது என்று வழக்கமானது. பச்சைக் குடம், சிவப்புக் குடம், எவர்சில்வர் குடம், பேர் எழுதின குடம். ஒருவரும் யோசிக்கவில்லை, அந்த வலைக்கு முன்னால் நிற்கிறவன் அருளப்பன் என்று.

அவன் விட்ட ஒவ்வொரு கோலுக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு எழும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது பெண்கள் வழிமறித்து அவன் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். "நல்லா விட்டய்யா, மகராசனா இரு." கொஞ்ச நாளில் அவன் பின்தெருக்கள் வழியாகவே போக ஆரம்பித்தான், அதன்பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே போனான். பால் வாங்க வரும்போதுகூட ஹெல்மெட். சேசம்மாள் கேட்டதற்கு, வெயில் என்றானாம்.

எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்ட ஒரே கூட்டம், தண்ணீர் லாரிக்காரர்கள். வியாபாரம் படுத்துவிட்டதே. கொடி, மேளம், விசில் எல்லாம் அவர்கள் செலவு. பழைய பயிற்சியாளர் தோல்வி தாங்காமல் தானே விலகிப் போனபோது ஊர் முழுக்கப் பேருந்து நிலையம்வரை போய் மாலை போட்டு அனுப்பியது. அந்த மனுஷன், எதற்கு மாலை என்று கடைசிவரை புரியாமல், ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே போனார்.

அவர் இடத்துக்கு வந்தவர்தான் எத்திராஜ். கோலார் தங்கவயல்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, இடது முழங்காலில் வலி. பயிற்சியாளர்களுக்கு எங்கள் மாடியைத்தான் அணி நிர்வாகம் வாடகைக்கு எடுத்திருந்தது. என் வீட்டுக்காரர் கனகவேல் ஊர் ரசிகர் குழுவின் தலைவர், மின்சாமான் கடையை விட அதில்தான் அதிகம் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் ஆரம்பித்த பிறகு பெண்கள் சார்பாக ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் குழுவில் போட்டார்கள், வீட்டில் இருக்கிறவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று. நேரம் நிறைய இருக்கிறதாக நினைப்பவர்களுக்கு ஒருநாள் என் அடுக்களையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆளை எடை போடுவதில் நான் தாமதிக்கிறதில்லை. ஒரு பை, இரண்டு ஸ்டிக், ஒரு ஃபிளாஸ்க், அவ்வளவுதான் அவர் சாமான். உப்புத் தண்ணீரில் போட்ட காபியைக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். சண்டைக்காரர் இல்லை, அப்படியானால் தேற மாட்டார் என்று முடிவு கட்டினேன்.

"எத்தன ஊரு பாத்திருக்கீங்க?"

"எல்லா ஊரும் என்னைப் பாத்திருக்குது மேடம். வரும்போது ஒரு மாதிரி பாக்கும், போகும்போது வேற மாதிரி பாக்கும். நடுவுல யாரும் பாக்கறதில்ல."

"இங்க தண்ணி சமாச்சாரம் சொன்னாங்களா?"

"சொன்னாங்க." ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார். "ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணு இருக்கும்."

அவர் வேலையைத் தொடங்கினார், அது ஒரு பெரிய வேலையாகவே தெரியவில்லை. கத்த மாட்டார், விசில்கூட மெதுவாகத்தான் ஊதுவார். விடியற்காலையில் அருளப்பனைத் தனியாக நிறுத்தி, பந்து பந்தாகத் தட்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். நல்ல தடுப்புக்கு ஒரு "ம்", மோசமான தடுப்புக்கும் அதே "ம்". எங்கள் மொட்டைமாடியிலிருந்து மைதானம் தெரியும், துணி காயப்போடும்போது பார்ப்பேன், எனக்கே கொட்டாவி வரும். ஆனால் சில வாரங்களில் அருளப்பன் பால் வாங்க வரும்போது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

முதல் உள்ளூர் ஆட்டம், இரண்டு கோலில் தோற்றோம். தண்ணீர் வந்தது, மாவாட்டுகிற அளவுக்கு வரவில்லை. அடுத்ததில் ஒரு கோலில் தோல்வி, அதுவும் கடைசிவரை முன்னணியில் இருந்து கோட்டைவிட்டது. பாதத்தை நனைத்ததோடு நின்றுவிட்டது. வெளியூரில் போய் ஒன்றை ஜெயித்தே வந்தார்கள், லாரிக்காரர்கள் வெடி போட்டார்கள். அதன்பின் உள்ளூரில் ஒரு டிரா. டிராவுக்கு எங்கள் கணக்கில் இடமே கிடையாது. பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு, வருமா வராதா, பாதியாவது வருமா என்று இருட்டுகிறவரை நின்றார்கள். தரை காய்ந்த அப்பளம்போல் கிடந்தது.

"பழைய கோச்சு எவ்வளவு நல்ல மனுசன்," என்றாள் சேசம்மாள், குடத்தை வெறுமையாக இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "அவரு காலத்துல ஆறு ஆறா குடுத்தாரு."

உண்மையில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது எத்திராஜுக்கு முன்பே. பழையவர் காலத்துக் கடைசித் தோல்விகளிலேயே நாலு கோலுக்குப் போர்வை முழுசாக நனையவில்லை, நான் கவனித்திருக்கிறேன், சொன்னால் யார் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் ஏதாவது குறைந்தால் புதிதாக வந்த மருமகளைத்தானே பார்ப்பார்கள். ஊரும் அப்படித்தான் அவரைப் பார்த்தது.

பங்குனி வெயில் பிடித்துக்கொண்டதும் குழு எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் சேர்ந்து யோசித்து, நானும் தலையாட்டி, ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். முதலாளிக்கு வெற்றி வேண்டும், ஊருக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே வெளியூரில் ஜெயித்துக்கொள்ளட்டும், உள்ளூரில் தோற்றுக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் நியாயம். இதைவிடச் சுலபமாக ஒரு ஊர் எதையும் கேட்க முடியாது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

எத்திராஜ் முழங்காலைத் தடவிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் போகணும் என்று சொன்னால் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆனது.

"தோக்கறதுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாதுங்க. அது தானா வரும். வராம இருக்கறதுக்குத்தான் சம்பளம்."

"ஊரு குடிக்கணும்லா மாஸ்டர்," என்றார் என் வீட்டுக்காரர்.

"குடிக்கணும். அதுக்கு ஒரு ஆபீஸ் இருக்குது, அங்க போய்க் கேளுங்க. என்கிட்ட பதினோரு பசங்க இருக்காங்க. நாளைக்கு இந்த ஊரைவிட்டுப் போனாலும் அவங்க ஆடித்தான் பொழைக்கணும்."

எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அந்த ஆபீசுக்குப் போகலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. மைதானத்துக்குப் போவது பக்கம்.

அவர் மறுத்ததும் ஊர் சும்மா இருக்கவில்லை, பக்கவாட்டில் போனது. சேசம்மாளிடம் பேசினார்கள், சேசம்மாள் மகனிடம் பேசினாள். என்ன பேசினாளோ, தெருவில் எத்தனை கைக்குழந்தைகள் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லியிருப்பாள், அவள் அப்படித்தான். அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் அருளப்பன் ஐந்து கோல் விட்டான். நான் பார்த்தேன். பந்து வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தான், விழுந்து எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. வலைக்குப் பின்னால் போர்வைகள் மூட்டை மூட்டையாகக் காத்திருந்தன.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் காத்திருந்தோம். நீலம் அப்படியே கிடந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அடித்த உப்புத் தண்ணீர் காய்ந்து அதன்மேல் வெள்ளைப் பொருக்கு பூத்தது. யாரோ ஒருத்தி முழந்தாளிட்டுக் கையால் தடவிப் பார்த்தாள். ஒருத்தி காதை வைத்துக் கேட்டாள். பிறகு ஒவ்வொருவராகப் போர்வை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

"அஞ்சு கோலும் வீணாப் போச்சே மதினி," என்றாள் சேசம்மாள் வழியில். கொஞ்ச தூரம் போன பிறகு, "எம் புள்ள இனிமே எம்முகத்தப் பாப்பானா" என்றாள்.

அவனாக விட்டான் என்பது ஊருக்கு முழுக்கத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வாய் இல்லாததால் பயிற்சியாளரைச் சொன்னார்கள். அந்த ஆள் வந்ததிலிருந்து தரை வறண்டது, அவர் நிழல் பட்ட இடம் ஊறாது, இப்படி. அதே நேரம் உள்ளூரில் ஐந்து கோல் வாங்கினதற்காக முதலாளி தனுஷ்கோடியும் அவர்மேல் பாய்ந்தார். முதலாளியும் ஊரும் முதல்தடவையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். சித்திரையில் ஒரே ஓர் உள்ளூர் ஆட்டம் பாக்கி. அது முடிந்த கையோடு மைதானத்திலேயே குழு கூடி, எத்திராஜ் அடுத்த வருஷத்துக்கு இருப்பதா, பெட்டி கட்டுவதா என்று கை தூக்கிச் சொல்ல வேண்டும், குழு சொல்வதற்கு முதலாளி கட்டுப்படுவார் என்று ஏற்பாடு. ஜெயித்தால் ஊர் அனுப்பிவிடும், தோற்றால் முதலாளி குழுவை வளைத்து அனுப்பிவிடுவார். அவர் இருக்க வழியே இல்லை. அந்த வயதில் இன்னொரு ஊர் அவரைக் கூப்பிடப்போவதும் இல்லை.

இந்த ஏற்பாடு ஆன மறுநாள் காலை நான் மாடிக்கு இட்லி கொண்டுபோனபோது அருளப்பன் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் திரும்பவும் தலையில்.

"நாந்தான் விட்டேன் மாஸ்டர்," என்றான் உள்ளிருந்து.

"தெரியும்."

"என்னய டீம்ல இருந்து எடுத்துருங்க."

"கடைசி மேட்ச்சுக்கு நீதான் நிக்கற."

"ஊரு என்ன மாஸ்டர் சொல்லும்?"

"தடுத்தாலும் திட்டும், விட்டாலும் திட்டும். அதனால அதை விட்டுத்தள்ளு, பந்தைப் பாரு. அதைக் கழட்டிட்டு இட்லி சாப்பிடு, ஆறிப்போகுது."

அவன் கழற்றினான். இருபத்தாறு வயசுப் பையன், கண்ணுக்குக் கீழே கிழவன் மாதிரி கறுத்துக் கிடந்தது. நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது எத்திராஜ் படிவரைக்கும் கூட வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் குடமெல்லாம் அன்னைக்கு வேண்டாம்னு சொல்ல முடியுமா? அவன் பின்னால வரிசையா நிக்குது. காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுச் சத்தம் போடுது. எந்தப் பையனும் அதுக்கு முன்னால நின்னு பந்து தடுக்க முடியாது."

இத்தனை மாதமாக நான் துணி காயப்போட்டுக்கொண்டே அந்தக் கோலைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை என்பதில் எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். தெருத்தெருவாகப் போய்ச் சொல்லவும் செய்தேன். நல்லது கெட்டது பேசவில்லை, எப்படியும் ஊறப்போவதில்லை, எதற்கு வெயிலில் வெறுங்குடத்தைச் சுமந்துகொண்டு போய்ச் சுமந்துகொண்டு வருவது என்று கேட்டேன். எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது. சரி என்றுவிட்டார்கள்.

அப்படித்தான் சித்திரை மாதக் கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் வெறுங்கையோடு போனோம். இடுப்பில் குடம் இல்லாமல் நின்று பழக்கமில்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், சிலர் கட்டிக்கொண்டு, சிலர் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தோம். பார்த்துக்கொள்ள வேண்டிய குடம் இல்லை, பிடித்துவைக்க வேண்டிய இடம் இல்லை, வேறு வேலை இல்லாததால் ஆட்டத்தைப் பார்த்தோம். அநேகமாக அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

எதிரணி லீக்கில் முதலிடத்தில் இருந்தது. அவர்கள் வேகமாக வந்தார்கள். முதல் பந்தை அருளப்பன் காலால் தடுத்தான், இரண்டாவதை மார்பால். மூன்றாவது பந்துக்கு அவன் இடமிருந்து வலம் பாய்ந்து ஸ்டிக்கின் நுனியில் தட்டிவிட்டபோது, யாரோ "ஆத்தி" என்றார்கள், பார்த்தால் அது சேசம்மாள். பிறகு எங்கள் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். மேளத்தைத் தூக்கிய லாரிக்காரர்கள், சுற்றிலும் பெண்கள் கத்துவதைப் பார்த்துக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் ஒன்று போட்டார்கள், நாங்கள் இன்னொன்று, அவர்கள் இன்னொன்று. என் பக்கத்தில் இருந்தவள் யாரென்றே தெரியாது, என் கையைப் பிடித்து நகம் பதிகிற மாதிரி அழுத்திக்கொண்டிருந்தாள். ஜெயித்தால் நாளைக்குக் குடிக்க என்ன என்கிற நினைப்பு எனக்கு வரவில்லை, யாருக்கும் வந்த மாதிரி தெரியவில்லை. எத்திராஜ் மட்டும் பக்கவாட்டுக் கோட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், வாய் "ம்" என்றதோ என்னவோ, அங்கிருந்து கேட்கவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி கார்னர், கோலுக்கு எதிரே நின்று ஓங்கி அடிக்கக் கிடைக்கிற தனி வாய்ப்பு. எங்கள் ஆட்கள் கோல் கோட்டிலிருந்து பந்தடிக்கிறவனை நோக்கி ஓடினார்கள். அவன் அடித்தான். பந்து இடது கம்பத்தை ஒட்டி, ஆள் இல்லாத சந்தில் உள்ளே போனது. அருளப்பன் முழு நீளத்துக்கு நீட்டிப் பாய்ந்தும் கையுறைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. மூன்றுக்கு இரண்டு. விசில்.

யாரும் எழுந்திருக்கவில்லை. என்னவென்று சொல்வது, வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது. அருளப்பன் விழுந்த இடத்திலேயே முகத்தைத் தரையில் வைத்துக் கிடந்தான். சேசம்மாள் வேலியைத் தாண்டி ஓடினாள், அவள் பின்னால் நாங்களும் போனோம். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவனுடைய தாடையைத் தொட யாரும் வரவில்லை.

தண்ணீர் ஊறியது. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நான் கவனித்தபோது கொலுசுக்கு மேலே வந்திருந்தது, ஒரு கோல் தோல்விக்கு இதுவரை வந்ததே இல்லாத அளவுக்குக் குளிர்ச்சியாக, தெளிவாக ஏறிக்கொண்டிருந்தது. சேலை நனைந்தது. ஒருத்தியும் குனிந்து அள்ளவில்லை.

"அவங்க ஆளு காலுல பட்டுல்லா பந்து வந்துச்சு, நடுவருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள் ஒருத்தி.

"காலுல எங்கடி பட்டுச்சு? இடது கம்பத்துல ஆளே இல்ல. அத விட்டுட்டு எல்லாரும் ஓடுனா?"

"ஓடாம நின்னா அவன் நேரா அடிச்சிருப்பான்."

"ஒருத்தன் நிக்கணும்லா. ஒருத்தன்."

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இப்படி வாதாடிக்கொண்டிருந்தோம். முதலாளி தனுஷ்கோடி கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி எங்களை நோக்கி வந்தார். என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. எத்திராஜ் கொஞ்சம் தள்ளி நின்றார், முழங்கால் வலிக்கு அந்தக் குளிர்ச்சி இதமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடியிருந்தார்.

"தோத்தாச்சு. அனுப்பிருவோம்," என்றார் முதலாளி.

"தண்ணி வந்துட்டுல்லா அண்ணாச்சி. இப்படி வந்ததே இல்ல. வச்சுக்கிடுவோம்," என்றார் என் வீட்டுக்காரர். "ரோகிணி, நீ என்ன சொல்லுத?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். எத்திராஜ் பக்கம் திரும்பினேன். "ஏங்க, அந்தக் கடைசிக் கார்னர்ல இடது கம்பத்துப் பக்கம் ஏன் ஆள நிறுத்தல?"

அவர் கண்ணைத் திறந்தார். கேள்வி கேட்டது நான்தானா என்று பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார். அவர் பார்த்த ஊர்களிலெல்லாம் அவரை யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"முன்னாடி ரெண்டு கார்னரும் அவன் வலது பக்கம்தான் அடிச்சான் மேடம். மூணாவதும் அங்கதான் வரும்னு நினைச்சேன். தப்பு என்னோடது. பையன் மேல இல்ல."

"அடுத்த வருசம் நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

"ஜெயிப்பீங்களா?"

"அது தெரியாதுங்க."

பொய் சொல்லியிருந்தால் அங்கேயே அனுப்பியிருப்பேன். "அப்ப இருக்கட்டும்" என்று கையைத் தூக்கினேன். குழுவில் இருக்கிறவர்கள் மட்டும்தான் தூக்க வேண்டும் என்று முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் என்னைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் தூக்கிவிட்டார்கள், மகனின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே சேசம்மாளும் தூக்கினாள். என் வீட்டுக்காரர் எதற்கென்று புரியாமல் தானும் தூக்கினார். எத்திராஜ் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீரில் மெதுவாகக் காலை எடுத்து வைத்து அருளப்பனிடம் போய், எழுந்திரு என்று கையை நீட்டினார்.

இடது கம்பமா காலா என்ற சண்டை அதன்பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில், வீட்டுக்குப் போய்க் குடம் எடுத்துட்டு வரலாமா என்று யாரோ அலுப்போடு கேட்டார்கள்.